கரையாத கீரை உருண்டை

முதல் நாள் உருண்டைகள் கொதிக்கும் தண்ணீரில் விழுந்த கையோடு காணாமல் போயின. லிஃப்ட்காரர் ஒன்றைப் போட்டார், மறைந்தது. இன்னொன்றைப் போட்டார், அதுவும் போன இடம் தெரியவில்லை. பன்னிரண்டையும் போட்டு முடித்துவிட்டுக் கரண்டியால் துழாவிப் பார்த்தார். அகப்பட்டது பச்சைத் தண்ணீர்தான்.

“எங்க போச்சு?” என்று பாத்திரத்தைப் பார்த்துக் கேட்டார்.

சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அவருடைய மனைவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“ஒண்ணு கரைஞ்சதும் நிறுத்தக் கூடாதா?”

“அடுத்தது நிக்கும்னு நினைச்சேன்.”

“பன்னெண்டு தடவையுமா?”

“ஒரு நம்பிக்கை வேணும்ல.”

அவள் பதிலுக்கு நிறைய வைத்திருந்தாள். ஆனால் வாய் ஒரு விரல் அகலத்துக்குமேல் திறக்காது. பல்லிடுக்கு வழியாக எவ்வளவு கோபத்தைத்தான் வெளியே அனுப்புவது? பாதி உள்ளேயே தங்கிவிட்டது. அப்படித் தங்குகிற கோபம் கெட்டுப்போவதுமில்லை, குறைவதுமில்லை என்பதை இந்த ஐந்து வாரத்தில் அவள் கண்டுகொண்டிருந்தாள்.

அவள் கார் ஓட்டக் கற்றுத் தருகிறவள். இருபத்திரண்டு வருடம். பேட்டரிக் கடைக்கு மேலே ஒற்றை அறையில் பள்ளி. சுவர் நிறைய சாலைக் குறிகள், ஒரு மேஜை, மின்விசிறி, காத்திருப்பவர்களுக்கு மூன்று நாற்காலி. கற்றுத் தரும் வண்டியில் அவள் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. அதன் மேலேயே அவள் வலது கால் குடியிருந்ததால் படிக்க வந்தவர்கள் அவளுக்கு வைத்த பெயர் பிரேக் டீச்சர். இப்போதும் சமையலறை வாசலில் உட்கார்ந்துகொண்டு, கணவர் ஒவ்வொரு தப்புச் செய்யும்போதும் அவள் கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. தரை எதையும் நிறுத்தவில்லை.

இத்தனை வருடத்தில் எத்தனை பேர் மதில்மேல் ஏற்றப் பார்த்தார்கள், எத்தனை பேர் ரிவர்ஸ் என்று நினைத்து முன்னால் பாய்ந்தார்கள். அவள்மேல் ஒரு கீறல் விழுந்ததில்லை. கடைசியில் அவள் தாடை உடைந்தது நின்றுகொண்டிருந்த வண்டியில். அந்த வண்டியின் டிக்கி மூடி பழசு. இரண்டு கையாலும் பிடித்து, மூச்சைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும். ஐந்து வருடமாக அதைத் தூக்கும்போதெல்லாம் திட்டிக்கொண்டே தூக்கினாள். லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவரான கணவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளிடம் சொல்லாமல் மூடியைத் தாங்கும் தண்டுகள் இரண்டையும் கழற்றிப் புதுசு மாட்டினார். திங்கட்கிழமை காலையில் அவள் வழக்கம்போல் குனிந்து, மூச்சைப் பிடித்து, பலம் கொண்ட மட்டும் இழுத்தாள். மூடி பறந்து வந்து மோவாயில் இடித்தது.

மூன்று வாரம் பல்லோடு பல் வைத்துக் கம்பியால் கட்டிவிட்டார்கள். கம்பியை எடுத்த பிறகும் டாக்டரம்மா ஒரு விதி வைத்தார்: நாக்கால் மேலண்ணத்தில் அழுத்தினால் நசுங்க வேண்டும்; நசுங்காத எதுவும் வாய்க்குள் போகக் கூடாது. நாத்தனார் இரண்டு தெரு தள்ளியிருப்பவள். தன் வீட்டு மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

“ஒரு கவலையும் வேணாம் அண்ணி. எல்லாத்தையும் இதுல போட்டு ஓட்டிடலாம். காய், பருப்பு, பழம், முட்டை. வயித்துக்குள்ள போனா எல்லாம் ஒண்ணுதானே?”

ஒன்றுதானா? அவள் இதைப் படுத்துக்கொண்டு நிறைய யோசித்திருக்கிறாள். டம்ளரில் வருகிற எதற்கும் ஆரம்பமும் இல்லை, முடிவும் இல்லை. எங்கே கடிப்பது, எங்கே நிறுத்துவது, எவ்வளவு சாப்பிட்டோம் என்பது எதுவும் தெரியாது. குடித்து முடித்தால் மருந்து குடித்த மாதிரி இருக்கும். பசி அடங்கியிருக்கும், சாப்பிட்டிருக்க மாட்டோம். நாலாவது வாரம் டம்ளரைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மூன்று வாய் குடிப்பாள், தள்ளி வைத்துவிடுவாள். நாற்பத்தெட்டு கிலோவாக இருந்தவள், போன வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரித் தராசில் ஏறியபோது நாற்பத்திரண்டு கிலோ அறுநூறு கிராம்.

டாக்டரம்மா தராசையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். “அடுத்த வெள்ளி இதுக்குக் கீழ ஒரு கிராம் போனாலும் அட்மிட் பண்ணிடுவேன். மூக்கு வழியா ட்யூப். குறைஞ்சது பத்து நாள்.”

மூக்கு வழியாக என்று கேட்டதும் அவள் கை தானாக மூக்கைப் பொத்தியது. வாய் என்று ஒன்று இருப்பதையே மறந்துவிட்டுப் பத்து நாள் படுத்திருப்பதா?

மறுநாள் சனிக்கிழமை, அவளிடம் கார் கற்றுக்கொள்ளும் ஹோட்டல் சமையல்காரர் வந்தார். ஓட்டுநர் தேர்வில் மூன்று முறை தோற்றவர். தேர்வுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்ததும் வலது இடது மறந்துவிடும் மனிதர். கையில் ஒரு டப்பா.

“மேடம், இது இத்தாலிக்காரங்க பண்றது. கீரையும், பன்னீர் மாதிரி இளசான சீஸும். மாவு பேருக்குத்தான். பல்லே வேணாம், நாக்கு போதும்.”

டப்பாவுக்குள் எட்டு உருண்டை. கரும்பச்சையும் வெள்ளையும் கலந்து, வெண்ணெயில் பளபளவென்று. அவள் ஒன்றை நாக்கில் வைத்து அழுத்தினாள். ஒரு கணம் நின்றது, பிறகு விட்டுக்கொடுத்தது. அந்த ஒரு கணத்துக்காகத்தான் அவள் ஐந்து வாரமாகக் காத்திருந்தாள் போலிருக்கிறது. எட்டையும் எண்ணி எண்ணிச் சாப்பிட்டாள். சமையல்காரர் எப்படி இருக்கிறது என்று கேட்டார். “உப்பு கொஞ்சம் கம்மி” என்றாள்.

அவரையே தினமும் கொண்டுவரச் சொல்லலாம் என்று பார்த்தால், ஞாயிற்றுக்கிழமையே ஹோட்டல்காரர்கள் அவரை வேறு ஊர்க் கிளைக்கு இரண்டு வாரம் அனுப்பிவிட்டார்கள். செய்முறையைப் போனில் சொன்னார். “நான் பண்ணிடறேன்” என்று லிஃப்ட்காரர் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு கிளம்பினார். அதன் பலன்தான் திங்கட்கிழமை பாத்திரம் நிறைய பச்சைத் தண்ணீர்.

அன்று சாயங்காலம் சமையல்காரர் போனில் வந்தார். பின்னால் பாத்திரங்கள் மோதும் சத்தம்.

“கீரையைப் பிழிஞ்சீங்களா சார்?”

“பிழிஞ்சேன்.”

“எப்படிப் பிழிஞ்சீங்க?”

“கையில எடுத்து, ஒரு அமுக்கு.”

“ஒரு அமுக்கா? சார், வேகவச்ச கீரையில பாதி தண்ணிதான். சீஸுக்குள்ளயும் தண்ணி. அந்த ஈரம் போறவரைக்கும் எதையும் தொடாதீங்க. விஷயமே அதுதான். மத்ததெல்லாம் சும்மா.”

லிஃப்ட்காரர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். செவ்வாய்க்கிழமை வேலைக்கு அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு வந்து, கீரையை இரண்டு அமுக்கு அமுக்கினார். கலவை கையில் ஒட்டியது. ஒட்டாதவரை மாவு போட்டார். இன்னும் ஒட்டியது, இன்னும் போட்டார்.

“மாவு பேருக்குத்தான்னு சொன்னாரே” என்றாள் வாசலிலிருந்து.

“கையில ஒட்டுது. என்ன பண்ணச் சொல்றே?”

“அதுல ஈரம் இருக்கு. அதான் ஒட்டுது.”

“அதான் மாவு போடறேன்.”

இருபத்திரண்டு வருடத்தில் இந்தத் தவறை அவள் ஆயிரம் முறை பார்த்திருக்கிறாள். வண்டி ஒரு பக்கம் இழுக்கும். ஏன் இழுக்கிறது என்று பார்க்காமல் ஸ்டியரிங்கை மறுபக்கம் ஒடிப்பார்கள். ஒரு தப்பைச் சரிக்கட்ட எதிர்த்திசையில் இன்னொரு தப்பு. வண்டியில் என்றால் கையை நீட்டி ஸ்டியரிங்கைப் பிடித்துவிடுவாள். இங்கே எழுந்து போனதும், “நீ உட்காரு, உனக்கு ரெஸ்ட் வேணும்” என்று தோளைப் பிடித்து மறுபடி உட்காரவைத்தார்.

உருண்டைகள் இந்தத் தடவை கரையவில்லை. தண்ணீரில் மிதந்தன, எடுத்தபோது மின்னின. லிஃப்ட்காரர் தட்டை நீட்டியபோது முகத்தில் அவ்வளவு பெருமை. அவள் ஒன்றை நாக்கில் வைத்து அழுத்தினாள். நசுங்கவில்லை. கொஞ்சம் பலமாக அழுத்தினாள். அது பந்துபோல் வழுக்கிக் கடைவாய்க்குப் போனது. அவளை அறியாமல் கடித்துவிட்டாள். வலி காதுவரை சுரீரென்று ஏறியது. துப்பிவிட்டுக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

“என்னாச்சு? என்னாச்சும்மா?”

அவள் துப்பிய உருண்டையை எடுத்து மேஜைமேல் போட்டாள். அது துள்ளியது.

அந்த நேரம் பார்த்து நாத்தனார் உள்ளே வந்தாள். மேஜையைப் பார்த்தாள், அண்ணன் முகத்தைப் பார்த்தாள்.

“இது என்னண்ணா, லிஃப்டுக்குப் போடற ரப்பரா?”

“நீ வேற ஏன்டி.”

“நான் சும்மாதான் கேட்டேன். அண்ணி, அந்த மிக்ஸியை எங்க வச்சீங்க?”

அன்று இரவுக்கு மறுபடி டம்ளர்தான் வந்தது. அவள் இரண்டு வாய்க்குமேல் குடிக்கவில்லை. வீட்டில் எடை பார்க்கும் கருவி இல்லை. பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டும்போது முடிச்சு இன்னும் ஒரு விரற்கடை உள்ளே போனது. வெள்ளிக்கு மூன்று நாள்.

புதன்கிழமை பகலில் சமையலறைப் பக்கம் போகவே கூடாது என்று படுக்கையறையில் உட்கார்ந்திருந்தாள். பால்கனியிலிருந்து கிரீச் கிரீச்சென்று சத்தம் வந்தது. கணவர் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அவர் முணுமுணுத்தால் ஏதோ இயந்திரம் கையில் இருக்கிறது என்று அர்த்தம். அரைமணி கழித்து ஒரு துணி மூட்டையை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு வந்து நின்றார். கீரை தட்டையான கட்டியாக, புத்தகத்துக்குள் வைத்த இலைபோல் இருந்தது.

“பாத்தியா? ஒரு சொட்டு கிடையாது. இப்ப என்ன சொல்லப் போறே?”

கட்டி நன்றாகத்தான் இருந்தது. அதை அவளால் மறுக்க முடியவில்லை. மூக்கருகே கொண்டுபோனாள்.

“கிரீஸ் வாசனை வருது.”

“வராது.”

“வருதுன்னு சொல்றேன். எதுல பிழிஞ்சீங்க?”

“பால்கனியில இரும்பை இறுக்கிப் பிடிக்கற பட்டறை வைஸ் இருக்குல்ல, அதுல வச்சு முறுக்கினேன். துணி ரெண்டு சுத்து சுத்தித்தான் வச்சேன். வைஸையும் நல்லா துடைச்சேன்.”

“எதால துடைச்சீங்க?”

அவர் பால்கனிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“மண்ணெண்ணெய்.”

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். அடித்தது தாடையில் அதிர்ந்து வலித்தது. அந்த வலி, ஐந்து வாரமாகப் பல்லுக்குப் பின்னால் தங்கியிருந்ததையெல்லாம் இழுத்துக்கொண்டு வந்தது.

“உங்கள யாரு சரி பண்ணச் சொன்னா? கீரைய வைஸ்ல வைக்க யாரு சொன்னா? அந்த டிக்கிய யாரு தொடச் சொன்னா?”

அடிபட்ட நாளிலிருந்து டிக்கி என்ற சொல் அந்த வீட்டில் வந்ததில்லை. ஆஸ்பத்திரியில் எப்படி அடிபட்டது என்று கேட்டபோதுகூட, “வண்டியில இடிச்சுக்கிட்டேன்” என்றுதான் அவள் சொல்லியிருந்தாள். லிஃப்ட்காரர் மூட்டையைக் கட்டிலில் வைத்தார்.

“தூக்க முடியல, தூக்க முடியலன்னு அஞ்சு வருஷமா நீதானே புலம்பினே.”

“புலம்பினேன். சரி பண்ணுங்கன்னு சொன்னேனா?”

“புலம்பறவங்களுக்கு வேற என்னதான் பண்றது?”

“கேட்டுக்கிட்டு இருங்க! இல்ல, மாத்தினா மாத்தினேன்னு சொல்லுங்க. ஒரு வார்த்தை. மூடி லேசாயிடுச்சு, பாத்துத் தூக்குன்னு ஒரு வார்த்தை.”

“திங்கக்கிழமை நீயே தூக்கிப் பாத்து ஆச்சரியப்படுவேன்னு நினைச்சேன்.”

“பட்டேன்ல.”

அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். பொதுவாக இந்த இடத்தில் எழுந்து வெளியே போய், எதையாவது கழற்றி மாட்டிவிட்டு வருகிறவர். இன்று போகவில்லை.

“அந்தச் சத்தம் எனக்கு மாடியில கேட்டுச்சு” என்றார். “டிக்கி திறக்கற சத்தம்னு நினைச்சேன். நல்லாத் திறக்குதேன்னு சந்தோஷப்பட்டேன். நீ கத்தவே இல்ல. ரெண்டு நிமிஷம் கழிச்சுத்தான் எட்டிப் பாத்தேன்.”

அவளுக்கு இது தெரியாது. அந்த இரண்டு நிமிஷம் தரையில் உட்கார்ந்து, வாயிலிருந்து ரத்தம் வழிய, யாருமே வரவில்லையே என்று நினைத்தது மட்டும்தான் தெரியும். மேலே ஒரு மனிதர் சந்தோஷமாக நின்றிருக்கிறார். அதைக் கேட்டு அவள் மனம் இளகியது என்று சொல்ல முடியாது. எரிச்சல் அப்படியேதான் இருந்தது. ஆனால் அது இப்போது வேறு இடத்தில் உட்கார்ந்தது. உதவுகிறவர்களின் அவசரத்தில் ஒரு குறை உண்டு. உதவி பெறுகிறவர் முகத்தைப் பார்க்கும்முன் தங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு விடுகிறார்கள். அவளும் வண்டியில் அதைத்தான் செய்கிறாளோ என்று ஒரு நினைப்பு ஓடியது. கற்றுக்கொள்கிறவன் பிரேக்குக்குக் காலைக் கொண்டுபோகும் முன்னே அவள் கால் அழுத்திவிடும். சமையல்காரர் மூன்று முறை தோற்றதற்கு அவர் மட்டும்தான் காரணமா? அந்தக் கேள்வியை அவள் மேலும் துரத்தவில்லை, பசித்தது.

“கீரை இன்னும் இருக்கா?”

“ஒரு கட்டு இருக்கு.”

“துவைச்ச துணி ஒண்ணு எடுங்க. பட்டறைத் துணி இல்ல. என்னோட பழைய வெள்ளைத் துப்பட்டாவுல கிழிங்க.”

அவர் கீரையை வேகவைத்தார். ஆறியதும் அவள் மேஜையில் உட்கார்ந்து ஒரு கைப்பிடி மட்டும் எடுத்தாள். பிழிந்தாள், பிரித்து உதறினாள், திரும்பப் பிழிந்தாள். மொத்தமாக எடுத்தால் நடுவில் இருக்கும் தண்ணீர் நடுவிலேயே இருந்துவிடும். சின்னச் சின்னதாக எடுத்தால் அதற்கு ஒளிய இடமில்லை. எட்டாவது தடவை பிழிந்தபோதும் இரண்டு சொட்டு விழுந்தது.

“நான் பிழியட்டுமா? உனக்குக் கை வலிக்கும்.”

“வலிச்சா சொல்றேன். சொல்லும்போது பிழிங்க.”

அவர் கைகட்டிக்கொண்டு நின்றார். கட்டிய கை நிற்கவில்லை. விரல்கள் ஒன்றையொன்று திருகிக்கொண்டிருந்தன. ஐந்தாவது கைப்பிடியில் அவள், “இந்தாங்க, வலிக்குது” என்றாள். அவர் பாய்ந்து வந்தார்.

சீஸையும் துணியில் கட்டிக் குழாயில் தொங்கவிட்டார்கள். ஒன்றரை மணி நேரத்தில் கீழே வைத்த கிண்ணத்தில் அரை டம்ளர் தண்ணீர். கீரையைப் பொடியாக நறுக்கினார். சீஸ், இரண்டு மஞ்சள் கரு, துருவிய கெட்டிச் சீஸ் கொஞ்சம், ஜாதிக்காய் ஒரு சிட்டிகை. மாவு மூன்று ஸ்பூன். நாலாவது ஸ்பூனை அவர் எடுத்தார்; அவள் பார்த்தாள்; அவர் டப்பாவிலேயே போட்டுவிட்டார். கையில் ஒட்டவில்லை. இருபத்தைந்து உருண்டை வந்தது. சமையல்காரர் சொன்னபடி ரவையைத் தட்டில் பரப்பி, உருட்டி, மூடாமல் ஃபிரிட்ஜில் வைத்தார்கள். மிச்ச ஈரத்தை ரவை இழுத்துக்கொண்டு மேலே ஒரு மெல்லிய தோல் கட்டுமாம். அன்றைக்குச் சாப்பாடு டம்ளர்தான். மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள்.

வியாழன் மதியம் தண்ணீர் வைத்தார்கள். தளதளவென்று கொதிக்கக் கூடாது, லேசாக அசைந்தால் போதும் என்று உத்தரவு.

“ஒண்ணே ஒண்ணு போடுங்க” என்றாள்.

“தெரியும்.”

“தெரியும்னு திங்கக்கிழமையும்தான் சொன்னீங்க.”

ஒன்றைப் போட்டார். அது அடியில் போய் உட்கார்ந்தது. இருவரும் பாத்திரத்துக்குள் குனிந்து நின்றார்கள். தண்ணீர் தெளிவாகவே இருந்தது. பச்சை எங்கும் கசியவில்லை. இரண்டு நிமிஷத்துக்குப் பிறகு உருண்டை மெல்ல அசைந்து, தயங்கி, மேலே வந்தது.

“வந்துடுச்சு” என்றார் அவர், ரகசியம் சொல்வதுபோல.

“கத்தாதீங்க.”

அவள் அதை ஸ்பூனில் எடுத்து ஊதி, நாக்கில் வைத்து அழுத்தினாள். நின்றது, பிறகு விட்டுக்கொடுத்தது. சமையல்காரருடையது இன்னும் மிருதுவாக இருந்தது. இதில் கீரை கொஞ்சம் கொரகொரவென்று நின்றது, வடிவமும் உருண்டை என்று சொல்லும்படி இல்லை. ஆனால் வலிக்கவில்லை.

“எப்படி இருக்கு?”

“மிச்சத்தையும் போடுங்க.”

அவருக்கு அதுவே போதுமாக இருந்தது. நாலு உடைந்து போயின, மற்றவை நின்றன. முதலில் போட்டதையும் சேர்த்து மதியம் பதினொன்று சாப்பிட்டாள், வெண்ணெய் வழிய வழிய. சாயங்காலம் ஏழு. வெள்ளி காலையில் மிச்சம் மூன்று. உடைந்த நாலையும் அவர் நின்றுகொண்டே சாப்பிட்டார். தனக்கு முழுசாக ஒன்று வேண்டும் என்று கேட்கவில்லை, அவள் கொடுக்கவுமில்லை.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் முன்கூட்டியே அட்மிஷன் சீட்டை எழுதி, படுக்கை எண்ணோடு தயாராக வைத்திருந்தார். “செருப்பைக் கழட்டுங்க. வாட்ச், வளையல் எல்லாம் கழட்டுங்க” என்றார். அவள் கழற்றி லிஃப்ட்காரர் கையில் கொடுத்துவிட்டுத் தராசில் ஏறினாள். எண்கள் ஓடின. நாற்பத்திரண்டு நானூறில் வந்து நின்றன. லிஃப்ட்காரர் மூச்சை இழுத்துப் பிடித்தார்.

“ஆடாம நில்லுங்க” என்றார் நர்ஸ்.

“நான் ஆடல. தராசுதான் ஆடுது.”

இறங்கி மறுபடி ஏறச் சொன்னார்கள். ஏறினாள். எண்கள் மறுபடி ஓடி, ஐந்நூறைத் தொட்டு, அறுநூறைத் தொட்டு, நாற்பத்திரண்டு எழுநூறில் நின்றன. நம்பாமல் நர்ஸ் மூன்றாவது முறை ஏற்றினார். எழுநூறுதான்.

டாக்டரம்மா வந்து பார்த்தார். “என்ன சாப்பிட்டீங்க?”

“கீரை உருண்டை” என்றாள்.

“அதுல சீஸ் இருக்குங்க” என்று லிஃப்ட்காரர் முன்னால் வந்தார். “முட்டை, வெண்ணெய். கீரையைப் பிழியறதுலதான் எல்லாமே இருக்கு டாக்டர். ஒரு சொட்டு ஈரம் இருக்கக் கூடாது. சின்னச் சின்னக் கைப்பிடியா எடுத்து...”

“சரி, சரி” என்று டாக்டரம்மா சீட்டை எடுத்துக் குறுக்கே ஒரு கோடு போட்டார். “ட்யூப் இப்ப வேணாம். நூறு கிராம் ஒண்ணும் பெரிசில்ல, ஆனா இறங்காம ஏறியிருக்கு. அடுத்த வெள்ளி அரைக் கிலோ காட்டணும்.”

வெளியே வந்ததும் லிஃப்ட்காரர் கணக்குப் போட ஆரம்பித்தார். இருபத்தொன்றுக்கு நூறு கிராம் என்றால் அரைக் கிலோவுக்கு நூற்றைந்து உருண்டை. ஒரு நாளைக்குப் பதினைந்து. “அத்தனை கீரைய கையால பிழிய முடியாதும்மா. ரெண்டு பலகை, நடுவுல ஒரு திருகு, சுத்தமான ஸ்டீல்ல...”

“நான் கேட்டேனா?”

காற்றில் திருகு வரைந்துகொண்டிருந்த கையை அவர் இறக்கிவிட்டார். தெருமுனைவரை இருவரும் நடந்தார்கள். காய்கறிக் கடை வந்ததும் அவள் நின்று ஒரு கட்டுக் கீரையைத் தூக்கிப் பார்த்தாள். கடைக்காரர் அப்போதுதான் தண்ணீர் தெளித்திருந்தார், இலையெல்லாம் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் பல்லிடுக்கு வழியாக ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, கட்டைக் கணவரிடம் நீட்டினாள்.

“நல்லா உதறுங்க” என்றாள். “இப்ப நான் கேக்கறேன்.”